ஹால்: கூடமா, மண்டபமா?

நம் வீடுகளில் டிவி இருக்கிற பெரிய அறைதான் ஹால். இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்குள் போய் ஹால் எங்கே என்று கேட்டால், வாசற்கதவைத் தாண்டியதும் கோட்டும் குடையும் மாட்டியிருக்கும் நடையைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள், சொல் அங்கே அப்படிச் சுருங்கிவிட்டது. மூடுதல், மறைத்தல் என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. நரகத்தைக் குறிக்கும் 'ஹெல்' கூட அதே குடும்பம்தான். ஆக, கூரை போட்ட பெரிய இடம், அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கும் என்பதை இந்தச் சொல் சொல்வதே இல்லை. இடைக்காலப் பிரபுவின் ஹாலில் நடுவே நெருப்பு எரியும், பந்தி, பஞ்சாயத்து, ராத்திரியானால் வேலையாட்களுக்குப் படுக்கை, எல்லாம் அங்கேயேதான்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலைப் பாருங்கள். 1097இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் வில்லியம் கட்டத் தொடங்கியது, நீளம் மட்டும் சுமார் 73 மீட்டர். விருந்துக்கென்று எழும்பிய இடத்தில் அப்புறம் நீதிமன்றங்கள் வந்து உட்கார்ந்தன, அதுவும் தனித்தனி அறைகளில் அல்ல, ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு மூலையில் தடுப்பு வைத்துக்கொண்டு; வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே சுவரோரக் கடைகளில் புத்தக வியாபாரமும் நடந்தது. முடிசூட்டு விழா வந்தால் எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டு விருந்து, அதில் கவசம் போட்ட வீரன் ஒருவன் குதிரையோடு உள்ளே வந்து 'அரசரை மறுப்பவன் உண்டா?' என்று கையுறையை வீசி எறிவான். 1821க்குப் பிறகு அந்த விருந்து கிடையாது. அரசர் முதலாம் சார்லஸுக்கு 1649இல் மரண தண்டனை விதித்தது இங்கேதான். நம் சென்னைக் கோட்டையிலும் வேலை பார்த்த, வங்காளத்தின் முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸை 1788 முதல் ஏழு வருஷம் விசாரித்து விடுவித்ததும் இங்கேதான். 1882இல் நீதிமன்றங்கள் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டன. 2022இல் எலிசபெத் அரசியின் உடலை அஞ்சலிக்கு வைத்ததும் இதே ஹாலில்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மண்டபம் என்றால் நமக்குத் தூண்கள் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் கல்யாணம். வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலிலோ 1390களில் போட்ட ஓக் மரக் கூரையைத் தாங்க நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. அரங்கம் என்றால் மேடை வேண்டும். என் ஓட்டு கூடத்துக்குத்தான். பள்ளிக்கூடம், உணவுக்கூடம், ஆய்வுக்கூடம் என்று முன்னால் எந்த வேலையைச் சேர்த்தாலும் ஒட்டிக்கொள்கிறது, வீட்டு ஹாலுக்கும் கூடம் என்ற பேர் ஏற்கெனவே இருக்கிறது. ஹால் டிக்கெட்டை மட்டும் கூடச்சீட்டு ஆக்கிவிடாதீர்கள், அதற்கு நுழைவுச்சீட்டு போதும்.