இனோகுலம்: தமிழில் ‘உறை’

மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையில் வேளாண்மை வெட்டி முடிந்ததும் வயல்களில் வைக்கோல் எரியும். அந்தப் புகையைக் கண்டால் என் வயிறும் எரிகிறது. எரிவதில் பெரும்பகுதி செல்லுலோசும் ஹெமிசெல்லுலோசும். இரண்டுமே சர்க்கரைகள் கோத்த சங்கிலிகள். வைக்கோலைக் காரத்தாலோ அமிலத்தாலோ பதப்படுத்தி, நொதியங்களால் சங்கிலியை அறுத்தால் சர்க்கரைக் கரைசல் கிடைக்கும். அதில் ஏற்ற பற்றீரியாவை விட்டால் லாக்டிக் அமிலம் விளையும். லாக்டிக் அமிலத்திலிருந்து பிளாஸ்டிக்கும் செய்கிறார்கள்.

அப்படிக் கரைசலில் முதலில் விடும் சிறிதளவு உயிருள்ள பற்றீரியாவின் பெயர்தான் இனோகுலம்.

சொல்லின் வேர் லத்தீன். ‘ஒக்குலுஸ்’ என்றால் கண். செடியின் மொட்டுக்கும் அதுவே பெயர். ஒரு மரத்தின் கண்ணை இன்னொரு மரத்தில் பதித்து ஒட்டுவது ‘இனோகுலாரே’. கரும்பு முளைக்கும் இடத்தை நாமும் கண் என்றுதானே சொல்கிறோம்! 18ஆம் நூற்றாண்டில் அம்மைக் கொப்புளச் சீழை உடலில் ஏற்றுவதற்கு அச்சொல் வழங்கியது. பின்னர் நுண்ணுயிரியலுக்கு வந்தது.

‘உட்செலுத்துபொருள்’ என்று பெயர்த்தால் ஊசிமருந்துதான் நினைவுக்கு வரும். பெருகும் உயிர் அதில் இல்லை. நம்மிடம் ‘உறை’ இருக்கிறது. மட்டக்களப்பில் எருமைத் தயிர் போடுபவர் பாலைக் காய்ச்சுகிறார். வேண்டாத கிருமிகள் மடிகின்றன. இளஞ்சூடாக ஆறவிட்டு, முதல்நாள் தயிரில் கொஞ்சம் எடுத்து அதில் கலக்குகிறார். அந்தக் கொஞ்சம்தான் உறை. ஆய்வுகூடத்திலும் கரைசலைக் கிருமிநீக்கி, ஆறவைத்து, வளர்த்து வைத்த பற்றீரியாவைச் சேர்க்கிறார்கள். இரண்டிலும் செய்முறை ஒன்றே. தயிரில் வேலை செய்வதும் லாக்டிக் அமிலப் பற்றீரியாதான்.

சொல்லின் பழமையோ வியக்க வைப்பது. புறநானூற்றின் 276ஆம் பாடலில் ஆய்மகள் குடப்பாலில் நகத்தால் தெறித்த ‘சில்லுறை’ வருகிறது. அந்தச் சில துளி குடம் முழுவதையும் மாற்றுவதுபோல, ஒரு முதியவளின் மகன் பகைப்படை முழுவதற்கும் நோயானான். சிறிது இட்டால் முழுவதும் மாறும் என்பதை இவ்வளவு துல்லியமாக வேறெந்தச் சொல் தரும்?

வைக்கோல் கரைசல் தயிர்போல உறைவதில்லையே என்று கேட்கலாம். இங்கே உறை என்பது உறைந்த பொருளை அல்ல, இடும் துளியையே குறிக்கிறது. மேலுறை என்ற பொருளோடு குழம்பும் இடங்களில் ‘உறைநுண்ணுயிர்’ என்று எழுதலாம்; ‘நுண்ணுயிர் உறை’ என்று திருப்பிப் போட்டால் பற்றீரியாவின் மேற்போர்வை என்றாகிவிடும். வினைக்கு ‘உறையிடுதல்’ போதும்: “கரைசல் ஆறியதும் உறையிடப்பட்டது.”