எழுப்புவது இதயமா, தொண்டையா?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு உள்ளவர்கள் "ராத்திரி படபடப்பு வந்து தூக்கமே போச்சு" என்பார்கள். பல நேரம் நடப்பது தலைகீழ். முதலில் கெட்டது தூக்கம், படபடப்பு அதன் பின்னால் வந்தது.

இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வரை தாறுமாறாக நடுங்குகின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏவி கணு அதில் பாதிக்கும் மேலானதை வடிகட்டிவிடும். மிஞ்சியவை கீழே இறங்கும்போது நாடி தாளம் தப்புகிறது. இந்த நடுக்கத்தின் தீப்பொறி கிளம்பும் இடங்களில் முக்கியமானது நுரையீரல் சிரைகள் இடது மேலறையில் சேரும் வாய் என்று பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழுவினர் 1998இல் காட்டினார்கள். அங்கே சுவர் மெல்லியது, சுற்றிலும் நரம்புப் பின்னல். இழுவிசையும் நரம்புச் சீண்டலும் அதற்கு ஆகாது. உறக்கத்தில் மூச்சு அடைபடும் ஸ்லீப் அப்னியா இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்கிறது.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்கிறது. 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஒரு தடை என்று கணக்கு. ஸ்ட்ராவின் முனையை விரலால் அடைத்துவிட்டு உறிஞ்சினால் ஸ்ட்ரா எப்படி ஒடுங்கும்? அதே உறிஞ்சலை மூடிய தொண்டைக்கு எதிராக நெஞ்சு செய்கிறது. நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் சரிய, மெல்லிய மேலறைச் சுவர் வெளிப்பக்கம் இழுபட்டு விரிகிறது. ஆக்சிஜனும் இறங்குகிறது. கடைசியில் மூளை திடுக்கிட்டு எழுப்பும்போது அட்ரினலின் பாய்கிறது. ஒரு மணி நேரத்தில் 30 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் கடுமையான அப்னியா.

இழுபட்ட மேலறை இன்னொன்றும் செய்கிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று தப்பாக நினைத்து, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. இரவில் மூன்று தடவை எழுந்து போவதற்குச் சர்க்கரையும் புராஸ்டேட்டும் மட்டும் காரணமில்லை.

சத்தமான குறட்டை, மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுப்பவர் பார்த்தது, பகல் அசதி, ரத்த அழுத்தம், 35க்கு மேல் உடல் எடைக் குறியீடு, 50 வயதுக்கு மேல், 40 செ.மீ.க்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஆண்பால். இந்த எட்டில் மூன்று பொருந்தினாலே தூக்கத்தில் மூச்சைப் பதிந்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி எடுப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். "பகலில் எனக்குத் தூக்கமே வராதே" என்று தள்ளிப்போட வேண்டாம். இந்த இதய நோய் உள்ளவர்களில் பலருக்கு அப்னியா கடுமையாக இருந்தும் பகல் தூக்கம் தெரிவதில்லை. அப்னியா உறுதியானால், காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவி தருவார்கள். முகக்கவசம் கசிந்தால் வாய் வறண்டு, நடுராத்திரியில் கழற்றி எறியத் தோன்றும். அளவு மாற்றிப் போட்டாலே பலருக்குச் சரியாகிவிடும். மூச்சும் தூக்கமும் இதனால் சீராகும். துடிப்புக் கோளாறும் குறையுமா என்பதை, குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்த ஆய்வுகள் இன்னும் தெளிவாக நிரூபிக்கவில்லை.

தொண்டையில் குறை இல்லாமல் இதயமே எழுப்புவதும் உண்டு. இடப்பக்கம் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வருவதால் துடிப்பு உரக்கத் தெரியும். சிலருக்கு அந்தப் பக்கம் படுப்பதே தூண்டிவிடுகிறது, அவர்கள் வலப்பக்கம் திரும்பிப் படுக்கலாம். இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு ஓங்கும் வேளையில், அதாவது வயிறு நிறையச் சாப்பிட்ட பின்னும் நள்ளிரவிலும் துடிப்பு தப்புபவர்களும் இருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவரோக்சபான் 15 அல்லது 20 மில்லிகிராம் மாத்திரையை இரவுச் சாப்பாட்டோடு போடுபவர்கள் மாத்திரையையும் சேர்த்து முன்னே நகர்த்த வேண்டும். வெறும் வயிற்றில் அது சரியாக உடம்பில் ஏறாது.

மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டி, இரண்டு மூன்று தலையணை கேட்கிறது என்றால் அது தூக்கப் பிரச்சினையே அல்ல. நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். சிறுவயது மூட்டுக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

மாத்திரைகளையும் ஒருமுறை பாருங்கள். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள், தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோனையும் குறைக்கும், சிலருக்குக் கெட்ட கனவும் வரும். தாமாக நிறுத்தினால் துடிப்பு எகிறும். நேரத்தையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு சுமார் ஆறு மணி நேரம் வேலை செய்யும், இரண்டாவது வேளை இருந்தால் மாலைக்குத் தள்ளாமல் மதியமே போடுவது நல்லது. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் தொண்டையை மேலும் தளர்த்தலாம். துடிப்பைச் சீராக்கும் சோட்டலால், அமியோடரோன் எடுப்பவர்கள் தூக்கத்துக்கென்று அமிட்ரிப்டிலின் சேர்த்தால் இசிஜியில் கியூடி இடைவெளி, அதாவது கீழறை துடித்து மீள எடுக்கும் நேரம், நீண்டு ஆபத்தாகலாம். பாலில் கலந்து குடிக்கும் அமுக்கரா சூரணமும் அப்பாவி இல்லை. தைராய்டைத் தூண்டிவிட்ட சம்பவங்கள் பதிவாகியுள்ளன. தைராய்டு ஏறினால் இந்தத் துடிப்புக் கோளாறே வரலாம்.

படபடப்போடு விழித்தால் காலைத் தொங்கவிட்டு உட்காருங்கள். நாடியை முழு 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது ஒழுங்கற்ற துடிப்புக்குப் பொருந்தாது. இருமுவதும் முகத்தில் குளிர்நீர் அடிப்பதும் ஏவி கணு வழியே சுழலும் வேறு வகைப் படபடப்புக்கானவை, இதை நிறுத்தா. நான்கு வினாடி உள்ளிழுத்து ஆறு வினாடி விட்டால் பயம் தணியும், அவ்வளவுதான். சுமார் 20 நிமிடத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் கட்டிலை விட்டு எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கியபின் திரும்பலாம். எப்போது தூங்கினாலும் காலையில் எழும் நேரம் மாறக்கூடாது. துடிப்பைக் காட்டும் ஸ்மார்ட்வாட்ச்சைக் கழற்றிவிடுங்கள். அதைப் பார்க்கப் பார்க்கத் துடிப்பு ஏறும். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குளறல், இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் தமிழ்நாட்டில் 108ஐ, இலங்கையில் 1990ஐ அழையுங்கள்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: விழித்த மணி, படுத்திருந்த பக்கம், நாடி, எத்தனை தடவை சிறுநீர், எத்தனை மணிக்குச் சாப்பாடு. கூடவே பக்கத்தில் படுப்பவர் கைபேசியில் பதிந்த அரை மணி நேரக் குறட்டை. குறட்டை சட்டென்று நின்று, நீண்ட மௌனத்துக்குப் பின் திணறி மீளும் அந்தச் சத்தம், பகலில் எடுத்த இசிஜியில் பதியாதது.