ஒரு டன் கல்லுக்கு எத்தனை பவுன்?

நீலகிரி மாவட்டக் கூடலூரில் பந்தலூர் பஸ் ஏறினால் நாடுகாணி தாண்டி தேவாலா வரும். தமிழ்நாட்டில் அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. நான் போனதோ ஜூலை மாதம். தேயிலைத் தோட்டம் எது, மேகம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. டீக்கடையில் ஒதுங்கி, பழைய தங்கச் சுரங்கம் பார்க்க வந்தேன் என்றதும் கடைக்காரர் சிரித்தார்.

"சார், வெளியே நின்னு பாருங்க. உள்ள மட்டும் தலைய விட்றாதீங்க. மழைக்கு மண்ணு இளகிக் கிடக்குது."

அப்புறம் கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தார். வெங்கச்சங்கல். சின்ன வயதில் இரண்டை உரசித் தீப்பொறி பறக்க விடுவோமே, அதே வெள்ளைக் கல். நடுவில் செங்காவி நிறத்தில் துருக்கோடு ஒன்று ஓடியது. கோட்டை ஒட்டிக் குண்டூசித் தலை அளவுக்குச் சிறு குழிகள். 1880 வாக்கில் லண்டன் பணக்காரர்களைப் பித்துப் பிடிக்க வைத்தது இந்த மாதிரிக் கல்தான்.

தங்கம் இந்தக் கல்லுக்குள் எப்படி வந்தது? வெறும் தண்ணீரில் தங்கம் கரையாது. ஆனால் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், முந்நூறு டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், கந்தகம் கலந்த தண்ணீர் துளித்துளியாகத் தங்கத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும். மேலே இருக்கும் பாறையின் அழுத்தத்தால் அது கொதித்து ஆவியாக முடியாமல் அடைபட்டுக் கிடக்கும். குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் பாறை விரிசல் விடுகிறது, அதுதான் விசில். அழுத்தம் சட்டென்று இறங்கியதும் தண்ணீரால் தன் சரக்கைச் சுமக்க முடிவதில்லை. கரைந்திருந்த சிலிக்கா விரிசலுக்குள் வெங்கச்சங்கல்லாகப் படிகிறது. பக்கத்துப் பாறையில் உள்ள இரும்பு கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு பைரைட் என்ற மஞ்சள் கனிமமாகிறது. துணைக்கு இருந்த கந்தகம் போய்விட்டதால் தங்கமும் அங்கேயே இறங்கிவிடுகிறது, பெரும்பாலும் பைரைட்டுக்கு உள்ளேயே. விசில் அடங்கி விரிசல் மூடும், மறுபடி அழுத்தம் ஏறும். இப்படி எத்தனையோ முறை நடந்துதான் ஒரு தங்க ரேகை உருவாகிறது.

இதற்குப் பிறகு நடந்தது மழையின் வேலை. நிலம் தேய்ந்து தேய்ந்து ரேகை மேலே தலைகாட்டியதும், மழைநீரும் காற்றும் பைரைட்டைத் துருவாக்கிவிடுகின்றன. கந்தகம் அமிலமாகிக் கழுவிக்கொண்டு போகிறது. கடைக்காரர் கல்லில் இருந்த செங்காவியும் குழிகளும் அப்படி வந்தவைதான். தங்கம் துருப்பிடிக்காது. கூட இருந்ததெல்லாம் கரைந்து போக, அது மட்டும் விடுபட்டுத் தங்குகிறது. அதனால் மேல்மண்ணில் தங்கம் சேர்ந்து நிற்கும், எடுப்பதும் சுலபம். ஓடையில் அடித்துப் போனது கீழே நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்று மணலில் கிடக்கும்.

இங்குள்ள குறும்பரும் பணியரும் நெடுங்காலமாக மரத்தட்டை வைத்துத் தங்கம் அரித்தவர்கள். அரிசியில் கல் அரிப்பதும் இதே வித்தைதான், பலன் மட்டும் தலைகீழ்: அரிசியில் அடியில் தங்குவதை எறிவோம், இங்கே அதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். தங்கம் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனம், வெங்கச்சங்கல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். தட்டைச் சுழற்றினால் மணல் வழிந்துவிடும், தங்கம் அசையாது.

1879இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து ப்ரப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் வந்து ஆராய்ந்தார். அவர் அறிக்கையில் சில மாதிரிகள் மலைக்க வைக்கும் அளவு தங்கம் காட்டின. அவ்வளவுதான். லண்டனில் இரண்டே ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன, முதலீடு பல லட்சம் பவுண்டுகள். பூச்சியாலும் இலை நோயாலும் காப்பி படுத்திருந்த காலம் அது. நொடித்த காப்பித் தோட்டங்கள் திடீரென்று தங்க நிலங்களாக விலை போயின. இதில் எவ்வளவு அறியாமை, எவ்வளவு தில்லுமுல்லு என்று என்னைக் கேட்டால், பாதிக்குப் பாதி என்பேன்.

அறியாமைக்குக் காரணம் புரிகிறது. பாயசத்தில் முந்திரி எல்லாக் கரண்டியிலும் வராது. முந்திரி வந்த கரண்டியை மட்டும் காட்டி, அண்டா முழுக்க இப்படித்தான் என்றால் எப்படி? பாறையில் தங்கமும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். அதிலும் மழை பதப்படுத்தி வைத்த மேல்பகுதிக் கல்லைப் பார்த்து ஆழத்துக்குக் கணக்குப் போட்டால், கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

பாறையிலிருந்து தங்கத்தைப் பிரிக்க அப்போது இருந்தது இடிப்பு ஆலை. நெல் குத்தும் உலக்கையை இரும்பில் செய்து வரிசையாக நிறுத்தியது போல. ஆலைச் சக்கரம் ஒவ்வோர் உலக்கையையும் தூக்கித் தூக்கிப் போடும். கல் மாவாகித் தண்ணீரோடு கூழாக வழியும். பாதரசம் பூசிய செப்புத் தகடுகள் மேல் அந்தக் கூழை ஓடவிட்டால், தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். அந்த ரசக்கலவையைச் சுரண்டி, தோலில் வைத்துப் பிழிந்து, மூடிய பாத்திரத்தில் சூடேற்றினால் 357 டிகிரியில் பாதரசம் ஆவியாகப் போய்விடும். தங்கம் உருகவே 1,064 டிகிரி வேண்டும் என்பதால் அது அடியில் நின்றுவிடும். நம் ஊர் நகைக்கடைத் தெருக்களில் சாக்கடை மண்ணை வாரி அரிப்பவர்கள் கடைசியில் கையாள்வதும் இதே பாதரச முறைதான்.

ஆனால் பாதரசம் தொட்டால்தான் பிடிக்கும். பைரைட்டுக்குள் ஒளிந்திருக்கும் தங்கத்தை அதனால் தொட முடியாது. ஆழம் போகப் போக மழை எட்டாத, துருவேறாத பைரைட். ஆலையில் இடித்த தங்கத்தில் ஒரு பங்கு கூழோடு ஓடையில் போயிற்று. இந்த மாதிரித் தங்கத்தையும் கரைத்தெடுக்க உதவிய சயனைடு முறைக்கு ஸ்காட்லாந்தில் காப்புரிமை பெற்றது 1887இல். அதற்குள் தேவாலாக் கம்பெனிகளில் பெரும்பாலானவை கடையைக் கட்டிவிட்டன.

சயனைடு வந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது. இடித்த கல்லில் பல இடங்களில் டன்னுக்கு ஒரு பவுன் எடை, அதாவது 8 கிராம், கூடத் தேறவில்லை. ஒரு டன் வெங்கச்சங்கல் என்பது பக்கத்துக்கு முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு பெட்டி அளவு. அதற்குள் இருக்கும் 8 கிராம் தங்கத்தை ஒன்றாகத் திரட்டினால் ஒரு கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். மலையேற்றிக் கொண்டுவந்த இயந்திரம், விறகு, கூலி, மலைக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அந்தக் கடலைதான் பதில் சொல்ல வேண்டும். 1901இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஹேடனும் ஹாட்ச்சும் மறுபடி பார்த்தபோதும் நம்பிக்கை தரும் விடை கிடைக்கவில்லை.

மழை விட்டதும் தோட்டத்து ஓரமாக நடந்து ஒரு குகை வாயைத் தூரத்தில் இருந்து பார்த்தேன். புதர் மூடிய கருப்பு ஓட்டை, உள்ளே சொட்டும் சத்தம். இந்தப் பக்கம் இன்றும் திருட்டுத்தனமாகக் குழி தோண்டுகிறார்கள். மண் சரிந்தும் மூச்சு முட்டியும் ஆட்கள் செத்திருக்கிறார்கள். திறந்த சட்டியில் பாதரசத்தைக் காய்ச்சினால் அந்த ஆவி நேராக நுரையீரலுக்குப் போகும், நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

திரும்பி வந்து கல்லைக் கடைக்காரரிடம் நீட்டினேன்.

"நீங்களே வச்சுக்குங்க சார். வீட்ல இன்னும் நாலு கெடக்கு, ஊறுகாய் ஜாடி மேல பாரம் வைக்க."