மிகாலோமோர்ப்: சிலந்திக்கு ஏன் மூஞ்சூறின் பெயர்?

வன்னியிலிருந்து வந்த விறகை லொறிக்காரர் கொக்குவிலில் மாமி வீட்டு முற்றத்தில் கொட்டிவிட்டுப் போனார். கட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று கிடந்தது. "புலிமுகச் சிலந்தியடா, கிட்டப் போகாத!" என்று மாமி கத்தினா. குச்சியால் தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. சிலந்தி கழற்றிவிட்டுப் போன வெறும் தோல்!

இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல விரித்தபோது, வயிற்றின் அடிப்பக்கத்தில் நான்கு வெள்ளைத் தட்டுகள் தெரிந்தன. ஏடு ஏடாக அடுக்கினாற்போல் இருப்பதால் அவற்றை ஏட்டு நுரையீரல் என்கிறோம். நான்கென்றால் இரண்டு சோடி. வீட்டுச் சுவரில் ஓடித் திரியும் பெரிய தட்டைச் சிலந்திக்கு ஒரு சோடிதான். முன்பக்கம் கறுத்த நச்சுப்பற்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகக் கீழ்நோக்கி வளைந்திருந்தன. பிக்காசு இறங்குவதுபோல மேலிருந்து குத்தும் பற்கள் அவை. சுவர்ச் சிலந்தியின் பற்களோ குறடுபோல இரு பக்கத்திலிருந்தும் வந்து கவ்வும். இந்த இரண்டு அடையாளத்தையும் வைத்துத்தான் ஒரு சிலந்தியை மிகாலோமோர்ப் என்ற பெருங்கூட்டத்தில் சேர்க்கிறார்கள்.

ஆனால் அந்தச் சொல்லில் பல்லும் இல்லை, நுரையீரலும் இல்லை. கிரேக்கத்தில் 'மிகாலே' என்றால் மூஞ்சூறு, 'மோர்பே' என்றால் உருவம். பிள்ளையாரின் வாகனத்தைச் சிலந்தியின் தலையில் கட்டிவிட்டார்கள்!

இந்தப் பெயரில் நம் தீவுக்கும் பங்குண்டு. 1804-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் லத்ரேய் இங்குள்ள பெருஞ்சிலந்தி ஒன்றுக்கு 'மிகாலே பாசியாட்டா' என்று பெயரிட்டார். 1861-ல், முன்பு இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமேர்சன் ரெனன்ற் அதே பெயரைச் சொல்லி, வடக்கிலும் கிழக்கிலும் அது மிகுதி என்று எழுதினார். கம்பளையில் அவர் பார்த்தது, கால்களை விரித்தால் காலைச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றையே கிட்டத்தட்ட மூடிவிடுமாம். ஆனால் 'மிகாலே' அதற்கு முன்பே ஒரு பாலூட்டிக்கு வைத்த பெயர். ஒரே பெயரில் இரண்டு விலங்குச் சாதிகள் (பேரினங்கள்) இருக்கக்கூடாது என்பது விதி. 1885-ல் பிரெஞ்சுச் சிலந்தியியலாளர் சிமோன் உண்டாக்கிய 'பொயிசிலோதேரியா' என்ற சாதிக்குள்தான் நம் சிலந்தி இப்போது நிற்கிறது. 1892-ல் ஆங்கிலேய விலங்கியலாளர் பொக்கொக் முழுக் கூட்டத்துக்கும் வைத்த 'மிகாலோமோர்பே' என்ற பெயரில் மட்டும் மூஞ்சூறு ஒட்டிக்கொண்டுவிட்டது.

'மூஞ்சூற்றுருவச் சிலந்தி' என்று பெயர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. படிப்பவர் மூஞ்சூறைத் தேடுவார். 'புலிமுகச் சிலந்தி' அருமையான ஊர்ச்சொல்தான், ஆனால் நிலத்தில் வளை தோண்டி மூடி போட்டு வாழும் மிகாலோமோர்ப்களுக்கு அது பொருந்தாது. பல்லைப் பார்த்துப் பெயர் வைத்தால் நேர்ப்பற்சிலந்தி. அப்போது மற்றக் கூட்டம் தானாகவே குறட்டுப்பற்சிலந்தி ஆகிவிடும். சங்க நூல்கள் சொல்லும் 'சிலம்பி'யை எடுத்து 'நேர்ப்பற்சிலம்பி' என்றாலும் அழகுதான், சந்தையில் யாருக்கும் விளங்காது.

கூட்டம் தெரிந்தால் வேலை முடிந்ததென்று இல்லை. நாங்கள் பள்ளியில் படித்த முறைப்படி குடும்பம், சாதி, இனம் என்று இறங்கவேண்டும் (தமிழ்நாட்டார் பேரினம், சிற்றினம் என்பார்கள்). பொயிசிலோதேரியாவில் இனம் பிரிக்க முதற்சோடி, கடைசிச்சோடிக் கால்களின் அடிப்பக்கக் கோலத்தைப் பார்ப்பார்கள். 2012-ல் மாங்குளத்திலிருந்து 'பொயிசிலோதேரியா ராஜேய்' என்று ஒரு புது இனத்தை அறிவித்தபோதும் மஞ்சளும் சாம்பலும் கலந்த அந்தக் கோலமே பெரிய ஆதாரம். கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரை வரும் சிலந்தி. களப்பணிக்கு உதவிய காவல்துறை அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. முதிர்ந்த மரப்பொந்துகளில் வாழ்வது. காடு வெட்ட வெட்ட பழைய கட்டடங்களுக்குள்ளும் வந்து ஒதுங்குகிறது. 2004-ல் இராமேசுவரத்துக் கோயில் ஒன்றின் பெயரோடு அறிவித்த 'அனுமாவிலாசுமிக்கா'வும் இதே சாதிதான், பின்னாளில் மன்னாரிலும் அகப்பட்டது.

மாமி வீட்டுத் தோலில் கடைசிச்சோடிக் கால்கள் விறகுக்குள் நசிந்து போயிருந்தன. காயவைத்து ஒரு போத்தலில் போட்டு, துண்டில் 'நேர்ப்பற்சிலந்தி, சாதி பொயிசிலோதேரியா' என்று எழுதி ஒட்டினேன். இனத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.