சீட்டு வாளுக்குத்தான், ஆளுக்கு அல்ல: ஜப்பானின் வாள் பதிவு விதி

ஜப்பானில் பழைய கட்டானா (ஜப்பானிய நீள வாள்) ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ள உரிமம் எதுவும் வேண்டாம். துப்பாக்கிக்கு அத்தனை கெடுபிடி உள்ள நாட்டில் இப்படியா என்று பலர் கேட்பார்கள். வாள் விஷயத்தில் அங்கே சட்டம் ஆளைப் பார்ப்பதில்லை, பொருளைப் பார்க்கிறது. வாளுக்குப் பதிவு இருந்தால் அதை ஜப்பானியரும் வைத்துக்கொள்ளலாம், அங்கே குடியிருக்கும் வெளிநாட்டவரும் வைத்துக்கொள்ளலாம். கூடவே வரும் பதிவுச் சீட்டில் (ஜப்பானியர் 'தோரோகுஷோ' என்பார்கள்) உரிமையாளரின் பெயர்கூட இருக்காது.

இதற்கு அடிப்படை 1958-ஆம் ஆண்டின் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம். அலகு (வெட்டும் பகுதி) 15 செ.மீ. அல்லது அதற்கு மேல் உள்ள வாள், ஈட்டி, நகினாதா (நீண்ட கம்பில் வளைந்த அலகு பொருத்திய ஆயுதம்) எல்லாம் அதன் கீழ் வரும். பதிவில்லாமல் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். 14-ஆம் பிரிவு மட்டும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: கலைப்பொருளாக மதிப்புள்ள வாளைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாசல் எப்படி வந்தது என்று தெரிந்தால் விதியின் போக்கு புரியும். 1945-இல் போரில் தோற்ற ஜப்பானில், நேச நாட்டுப் படைகள் வீட்டிலிருந்த வாட்களையும் ஆயுதமாகவே எண்ணிப் பறிமுதல் செய்தன. அப்படிச் சேர்ந்தவை டோக்கியோவின் அகாபானே ராணுவக் கிடங்கில் குவிந்தன. அவற்றில் நல்லவை என்று பொறுக்கி எடுக்கப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றை என்ன செய்வது என்பதற்குத் தனிச் சட்டம் வர 1995 வரை ஆயிற்று. 'இவை கலைப்பொருள்கள், அழிக்காதீர்கள்' என்று அன்று வாதாடியவர்கள் 1948-இல் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார்கள். அந்த வாதம்தான் பின்னால் சட்டமாயிற்று. ஆகவே பதிவு அதிகாரி உங்கள் வாளிடம் கேட்பது ஒரே கேள்வி: நீ கலைப்பொருளா, வெறும் ஆயுதமா?

இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்காகத் தொழிற்சாலையில் எந்திரத்தால் அடித்துக் குவித்த வாட்களுக்கு அதனால்தான் பதிவு கிடையாது. ஆனால் ராணுவப் பிடியையும் உறையையும் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடாதீர்கள். ராணுவ அதிகாரிகள் பலர் குடும்பத்துப் பழைய அலகையே ராணுவ உறைக்குள் போட்டுக்கொண்டு போரிட்டார்கள். உள்ளே இருப்பது முந்நூறு ஆண்டு பழசாகவும் இருக்கலாம். பிற நாட்டு வாளுக்கும் இடமில்லை. ஸ்பெயினில் வாங்கிய சேபர் வாட்களைப் பதிய மறுத்ததை எதிர்த்து ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1990-இல் தோற்றார். ஜப்பானிய முறைப்படி செய்த வாளுக்கு மட்டுமே பதிவு என்பது அன்றோடு உறுதியாகிவிட்டது. பயிற்சிக்குப் பயன்படும் அலுமினியக் கலவை வாளுக்கு இந்தப் பதிவு தேவையில்லை.

தாத்தா காலத்து அலமாரியில் சீட்டில்லாத வாள் கிடைத்தால் முதல் வேலை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சொல்வது. கையில் தூக்கிக்கொண்டு நேரே போகாதீர்கள்; தொலைபேசியில் கேட்டுவிட்டு, துணியில் நன்றாகச் சுற்றி எடுத்துப் போங்கள். தானாக முன்வந்து சொல்பவரைப் பொதுவாகக் குற்றவாளியாக நடத்துவதில்லை. அங்கே 'கண்டெடுத்த அறிவிப்பு'க்கான சான்று தருவார்கள். அந்தச் சான்றோடும் வாளோடும் மாகாணக் கல்வி வாரியம் நடத்தும் பரிசோதனை நாளுக்குப் போக வேண்டும். காவல்துறை வேலையைக் கல்வி வாரியம் ஏன் பார்க்கிறது என்று கேட்காதீர்கள். கலைப்பொருள் என்று ஆனபின் அது பண்பாட்டுத் துறையின் பொறுப்பு. கட்டணம் வாளொன்றுக்கு 6,300 யென். துருவைச் சுரண்டி, பளபளவென்று ஆக்கிக் கொண்டுபோனால் மதிப்பெண் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கூடாது, குறையும்.

சீட்டில் இருப்பவை சில வரிகளே: வாளின் வகை, நீளம், வளைவு, பிடியாணித் துளைகளின் (பிடியை அலகோடு பொருத்தும் மூங்கில் ஆணிக்கான துளைகள்) எண்ணிக்கை, கொல்லன் பெயர் வெட்டியிருந்தால் அதன் எழுத்துகள், பதிந்த மாகாணம், எண், தேதி. புகைப்படம் கிடையாது. ஆகவே வாங்கும்போது பிடியைக் கழற்றச் சொல்லி, சீட்டில் உள்ளதை வாளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். துளை இரண்டு என்று சீட்டு சொல்லி வாளில் மூன்று இருந்தால் அது வேறு வாளின் சீட்டாக இருக்கலாம், பதிந்தவரின் கைப்பிழையாகவும் இருக்கலாம். எதுவானாலும் அதைத் தீர்ப்பது விற்பவரின் வேலை. காசு கொடுக்குமுன் தீர்க்கட்டும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பதிவுச் சீட்டு, வாள் அசல் என்பதற்கான சான்றிதழ் அல்ல. அதில் புகழ்பெற்ற கொல்லனின் பெயர் இருக்கிறதென்றால், வாளில் அப்படி வெட்டியிருக்கிறது என்று மட்டுமே பொருள். பெயர் போலியாகவும் இருக்கலாம். அசல்தானா என்று மதிப்பிடுவது மேலே சொன்ன சங்கத்தின் தனிச் சான்று. 'ஹோசோன்' தொடங்கி 'தொகுபெத்சு ஜூயோ' வரை அதில் நான்கு படிகள். இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தை விடுபவர்கள்தான் அதிகம்.

கைமாறினால் 20 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு போக வேண்டியது நீங்கள் குடியிருக்கும் மாகாணத்துக்கு அல்ல, சீட்டைக் கொடுத்த மாகாணத்துக்கு. தபாலில் அனுப்பலாம், கட்டணமில்லை. வாரிசாக வந்தாலும் இதே விதிதான். சீட்டு இல்லாமல் வாளைக் கொடுப்பதும், வாள் இல்லாமல் சீட்டை மட்டும் கொடுப்பதும் குற்றம். தீட்டுவதற்கோ பழுது பார்ப்பதற்கோ கொடுத்தால் அறிவிப்பு தேவையில்லை, ஆனால் சீட்டு கூடவே போக வேண்டும். சீட்டு தொலைந்தால் மறுசீட்டுக்கு 3,500 யென். பதிவு இருக்கிறது என்பதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. தகுந்த காரணம் இருந்தால் மட்டும், உறையிலிட்டுப் பையில் கட்டி எடுத்துப் போகலாம்.

பராமரிப்பும் சட்டத்தோடு ஒட்டியதுதான். பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதிக்கு 'நகாகோ' என்று பெயர். அதில் படிந்த கருந்துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி. கொல்லன் பெயரும் அங்கேதான். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்தால் விலை சரிந்துவிடும், எழுத்து அழிந்தால் சீட்டோடும் ஒட்டாது. புதுப் பிடிக்காக இன்னொரு துளை போடுவதும், நீளத்தை வெட்டுவதும் அப்படியே. அலகை விரலால் தொடாதீர்கள். வியர்வை பட்ட இடம் சில நாளில் துருவாகத் தலைகாட்டும். சில மாதத்துக்கு ஒருமுறை பழைய எண்ணெயை மென்மையான தாளால் துடைத்து, சோஜி எண்ணெயை (வாளுக்கென்றே உள்ள கிராம்பு மண எண்ணெய்) மிக மெல்லிய படலமாகத் தடவினால் போதும். எண்ணெய் வழிந்தால் உறைக்குள் தேங்கி, அதுவே அழுக்காகும். மூங்கில் ஆணி தளர்ந்திருக்கிறதா என்று உருவும் முன் பார்த்துவிடுங்கள். நீண்ட நாள் வைப்பதற்கு அலங்கார உறையைவிட வெறும் மரத்தாலான ஷிராசாயா உறை நல்லது. துரு கண்டால் உப்புத்தாளை எடுக்காமல் தேர்ந்த தீட்டுநரிடம் கொடுங்கள். அவரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எஃகை எடுத்துத்தான் ஆக வேண்டும். போன எஃகு திரும்பாது.

ஜப்பானை விட்டு வெளியே கொண்டுபோக, பண்பாட்டு முகமையிடம் புகைப்படங்களோடு விண்ணப்பித்து ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். பதிவுச் சீட்டு ஜப்பானிலேயே ஒப்படைக்கப்பட்டுவிடும். தேசியப் பொக்கிஷம், முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவிக்கப்பட்டவை விற்பனைக்காக வெளியே போகவே முடியாது. சான்றுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். விமான டிக்கெட்டுக்குப் பின் தொடங்குகிற வேலை இல்லை. இறங்கும் நாட்டின் சட்டம் வேறு. இந்தியாவுக்குக் கொண்டுவர நினைத்தால், 1959 ஆயுதச் சட்டப்படி வாள் ஆயுதமே, அதன் இறக்குமதிக்கு உரிமம் கேட்கிறது 10-ஆம் பிரிவு. ஜப்பானிய ஏற்றுமதிச் சான்று அதற்கு ஈடாகாது.