தினம் நூறு கிராம் தீவனம்: அக்வாபோனிக்ஸ் தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

வீட்டுத் தோட்டத்தில் அக்வாபோனிக்ஸ் அமைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, தொட்டி எத்தனை லிட்டர் வேண்டும், என்ன மீன் விடலாம் என்பதைத்தான். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: தினமும் எத்தனை கிராம் தீவனம் போடப் போகிறீர்கள்? மீனும் செடியும் ஒரே தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் இந்த முறையில், வெளியிலிருந்து உள்ளே வரும் சத்து கிட்டத்தட்ட அது ஒன்றுதான். மீன் தின்று கழிக்கிறது, பாக்டீரியா அந்தக் கழிவைச் செடிக்கு ஏற்றதாக மாற்றுகிறது, செடி அதை உறிஞ்சிக்கொள்ள, தண்ணீர் மறுபடி மீன் தொட்டிக்கே வருகிறது. தொட்டியின் அளவு, ஜல்லி நிரப்பிச் செடி நடும் படுகையின் அளவு, எவ்வளவு காற்று ஊத வேண்டும் என்பதெல்லாம் தீவனக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். கீரை வகைகள் என்றால் ஒரு சதுர மீட்டர் படுகைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. தக்காளி, மிளகாய் போன்ற காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம். நாம் 2 சதுர மீட்டரில் கீரை போடுவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 கிராம் ஆகிறது. வளரும் பருவத்து மீன் தன் எடையில் 1 முதல் 2 சதவீதம் வரை தினமும் தின்னும். அப்படியானால் நமக்கு 6, 7 கிலோ மீன் போதும். புதிதாகத் தொடங்குகிறவர் 1000 லிட்டருக்கு 10 முதல் 20 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்பதால், 500 லிட்டர் தொட்டி சரியாக இருக்கும். இதைவிடச் சிறியதாக ஆரம்பிக்க நான் சொல்ல மாட்டேன். தண்ணீர் குறைவாக இருந்தால் அதன் வெப்பமும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் சட்டென்று மாறிவிடும். மீனால் அதைத் தாங்க முடியாது.

இப்போது அந்த 100 கிராமைப் பின்தொடர்ந்து போவோம். அதில் 32 சதவீதம் புரதம் இருந்தால், சுமார் 5 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. மீன் அதில் ஒரு பகுதியைத் தன் தசையாக்கிக்கொள்கிறது. சுமார் 3 கிராம் அம்மோனியாவாக, பெரும்பாலும் செவுள் வழியே, தண்ணீரில் கலக்கிறது. 500 லிட்டரில் 3 கிராம் என்றால் லிட்டருக்கு 6 மில்லிகிராம், அதுவும் ஒரே நாளில். லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்னும்போது, புதுத் தொட்டியில் மீனை விட்டு வயிறாரத் தீவனம் போட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

அந்த அம்மோனியாவைக் காலி செய்பவை ஜல்லியிலும் குழாய்ச் சுவரிலும் வழவழப்பான படலமாக ஒட்டி வளரும் பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். 1890 வாக்கில் நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டியதிலிருந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இது இருவர் செய்யும் வேலை என்றே பாடம். 2015இல்தான் இரண்டு படிகளையும் ஒற்றை ஆளாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா என்ற பாக்டீரியா வகைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் சில கிடைத்த இடம், தண்ணீரைச் சுழற்றிப் பயன்படுத்தும் ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டி! நம் ஜல்லிப் படுகைக்கு நெருங்கிய சொந்தம் என்றே சொல்லலாம்.

இந்தப் பாக்டீரியாக்கள் பெருகுவது மிக மெதுவாக. அதனால் மீன் விடுவதற்கு முன்பே அவற்றை வளர்த்துவிட வேண்டும். வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்குத் தொட்டியில் கலந்து, மோட்டாரை ஓடவிட்டு, சோதனைக் கருவியால் அளந்து வாருங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். அப்புறம் நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் தலைகாட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் 4 முதல் 6 வாரம் ஆகலாம், குளிரில் இன்னும் இழுக்கும். ஊற்றிய 2 மில்லிகிராம் 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் இல்லாமல் நைட்ரைட்டும் இல்லாமல் போனால் படுகை தயார். நைட்ரைட்டை அலட்சியம் செய்ய வேண்டாம். அது மீனின் ரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும், ரத்தம் பழுப்பாகிவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஓரிரு நாள் திறந்து வைத்துக் காற்று ஊதிய பிறகே ஊற்ற வேண்டும். குளோரமைன் கலந்த தண்ணீர் என்றால் இது போதாது, அதற்கென உள்ள மருந்து தேவை.

பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஆக்சிஜன். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்கப் பாக்டீரியாவுக்கு சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் தேவை. நம் 3 கிராமுக்கு ஏறத்தாழ 14 கிராம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் முழுதாகக் குடித்தாலும் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். 500 லிட்டருக்கு 4 கிராம்கூடத் தேறாது. ஆக, பாக்டீரியாவுக்கு மட்டுமே தினமும் தொட்டி கொள்ளும் ஆக்சிஜனைப் போல நான்கு மடங்கு வேண்டும். மீனும் வேரும் இழுக்கும் பங்கு தனி. ஏர் பம்ப் நின்றால் நெருக்கமாக மீன் உள்ள தொட்டியில் சில மணி நேரத்துக்குள் மீன் சாகக் காரணம் இதுதான். மின்சாரம் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.

படுகைக்குக் காற்று கொடுக்கும் வேலையைச் செலவில்லாமல் முடித்துத் தருவது மணி சைஃபன். இதன் வேலைத்திறன் பார்க்கப் பார்க்க அலுக்காதது. சுமார் 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஜல்லிப் படுகையின் அடியில் ஓட்டை போட்டு, ஒரு குழாயைச் செங்குத்தாக நிறுத்துகிறோம். அதன் மேல், தலை மூடிய பெரிய குழாய் ஒன்றைக் கவிழ்க்கிறோம், இதுதான் மணி; இதன் கால் விளிம்பில் சில வெட்டுகள் இருக்கும். ஜல்லி உள்ளே போகாமல் இரண்டையும் சுற்றி ஓட்டைகள் போட்ட இன்னொரு குழாய். மோட்டார் தண்ணீரை ஏற்ற ஏற்ற, மட்டம் உயர்ந்து உள்குழாயின் வாயைத் தொட்டு வழிய ஆரம்பிக்கும். வழிவது கூடக்கூட மணிக்குள் இருந்த காற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். காற்று போனதும் குழாய் முழுக்கத் தண்ணீராகி, படுகையே சடசடவென்று காலியாகும். மட்டம் கால் வெட்டுக்கு இறங்கியதும் காற்று புகுந்து களகளவென்று சத்தம் போட்டு சைஃபன் அறுந்துவிடும். மறுபடி நிரம்பத் தொடங்கும். தண்ணீர் இறங்கும் ஒவ்வொரு முறையும் வேர்களுக்கு நடுவே புதுக் காற்று நுழைகிறது. தண்ணீர் வரத்து மிகக் குறைவாக இருந்தால் சைஃபன் பிடிக்காது, மிக அதிகமாக இருந்தால் அறுபடாது. குழாய் வால்வைத் திருகித் திருகித்தான் சரியான இடத்தைப் பிடிக்க வேண்டும்.

ஜல்லியைப் போடுவதற்கு முன் அதன் மேல் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அது பி.எச்.ஐ மேலேயே பிடித்து வைத்திருக்கும். செடிக்குப் பிடித்தது 6 சொச்சம், பாக்டீரியாவுக்கு 7க்கு மேல், அதனால் 6.8 முதல் 7 வரை வைத்துக்கொள்வது எல்லோருக்கும் பொதுவான சமரசம்.

ஆனால் பி.எச். அங்கேயே நிற்காது. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது, தண்ணீரின் காரத்தன்மை நாளுக்கு நாள் கரைகிறது. 6க்குக் கீழே போனால் பாக்டீரியா ஏறத்தாழ வேலையை நிறுத்திவிடும், அம்மோனியா சேரும். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. பி.எச். தாழ்ந்திருக்கும்வரை அந்த அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாகவே கிடக்கும், மீனும் தெளிவாக நீந்தும். பதறிப்போய்ச் சுண்ணாம்பைக் கொட்டினால் ஆபத்து. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 0.6 சதவீதம்தான், 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும், 9இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதனால் துணிப்பையில் நொறுக்கிய சிப்பி ஓட்டைக் கட்டித் தொங்கவிட்டு மெல்ல ஏற்றுவதே பாதுகாப்பு. அம்மோனியா ஏறியிருக்கும் நாட்களில் தீவனத்தை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி வளர்ந்த மீனுக்கு ஒன்றும் செய்யாது.

மீன் தீவனம் மீனுக்காகத் தயாரித்தது என்பதால் செடிக்கு வேண்டிய இரும்பும் பொட்டாசியமும் கால்சியமும் அதில் போதாது. கால்சியத்தைச் சிப்பி ஓடு பார்த்துக்கொள்ளும். புது இலை நரம்பு பச்சையாக இருக்க இடையில் மட்டும் மஞ்சளானால் இரும்புக் குறை. செலேட் செய்த, அதாவது தண்ணீரில் கரைந்தபடியே இருந்து செடிக்குக் கிடைக்கும் வடிவிலான இரும்பு சேர்க்க வேண்டும். முதிர்ந்த இலையின் ஓரம் கருகினால் பெரும்பாலும் பொட்டாசியக் குறை. பூச்சி வந்தால் மருந்து தெளிக்கும் யோசனையே வேண்டாம், இலையில் விழும் துளி தொட்டிக்கு வந்து சேரும். கையால் பொறுக்குவது, வலை கட்டுவது, தாக்கப்பட்ட செடியைப் பிடுங்கி எறிவது இவைதான் வழி.