நாச்சி அருவியோட சாரல்ல கரண்ட் இருக்கு

ஜப்பான் போய்ட்டு வந்த தோழி கேட்டா, "நாச்சி அருவி முன்னாடி நின்னதும் மனசு அப்படியே லேசாயிடுச்சுடா, கூட வந்தவங்க அது நெகட்டிவ் அயானாலன்னு, அதாவது காத்துல மெதக்கற நெகட்டிவ் சார்ஜ் ஏறின துகளாலன்னு, சொன்னாங்க, நிஜமா?" பாதி நிஜம். அந்த பாதி ரொம்ப அழகு, அதனாலதான் எழுதறேன்.

வாகாயாமா மாகாணத்துல மலைக்குள்ள இருக்கு இந்த அருவி, 133 மீட்டர் உயரம். கீழ ஹிரோ-ஜின்ஜானு ஒரு கோயில், ஜப்பானோட பழைய மதமான ஷின்டோவச் சேர்ந்தது, தோரி வாசலத் தாண்டிப் போனா கர்ப்பகிரகம்னு ஒண்ணு கிடையாது, அருவியேதான் சாமி. மேல தண்ணி விழற எடத்துல கயிறு கட்டியிருப்பாங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவ ஜூலை 9, டிசம்பர் 27ல புதுசா மாத்துவாங்க. பக்கத்துலயே செய்கான்தோ-ஜினு புத்த கோயில், 1868ல அரசாங்கம் பிரிக்கற வரைக்கும் ரெண்டு வழிபாடும் ஒண்ணோட ஒண்ணு கலந்தேதான் இருந்துச்சு.

எரிமலைக் குழம்பு இறுகின கெட்டிப் பாறை, பக்கத்துல மெத்துனு படிவுப் பாறை, தண்ணி மெத்துனு இருந்தத அரிச்சுட்டுப் போயிடுச்சு, கெட்டியானது செவுரு மாதிரி நின்னுடுச்சு. அருவி வந்த கதை அவ்ளோதான். இப்ப விழற தண்ணிக்கு வருவோம்.

காத்தே இல்லேன்னா மேலருந்து கெளம்பின தண்ணி 5 செகண்டுல மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல கீழ வந்து இடிக்கும். ஆனா காத்து விடாது. தண்ணி பிரிஞ்சு துளித்துளியாகும், அதுலயும் பெரிய துளியா இருந்தா கீழருந்து காத்து அழுத்தி மொதல்ல தோசை மாதிரி சப்பையாகும், அப்புறம் நடுவுல பூரி மாதிரி உப்பும், உப்பி உப்பி அந்த மெல்லிசான தோல் பட்டுனு கிழியும். ஓரத்து வளையம் பெரிய பெரிய துளியா விழுந்துடும், கிழிஞ்ச தோல் தூசி மாதிரி சாரலாகி காத்துலயே மெதக்கும். நான் போனப்ப என் மூக்குக்கண்ணாடில வந்து ஒட்டினது அதுதான், ஊசி முனை அளவு புள்ளிங்க, தொடைக்கத் தொடைக்க வந்துட்டே இருந்துச்சு.

இதுலதான் விஷயம் இருக்கு. தண்ணி மூலக்கூறுல ஒரு பக்கம் லேசா பாசிட்டிவ், இன்னொரு பக்கம் லேசா நெகட்டிவ்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். துளியோட மேற்பரப்புல அதுங்க இஷ்டத்துக்கு நிக்காம நெகட்டிவ் பக்கம் வெளிய பாக்கற மாதிரி நிக்குதாம், அதனால மேல் தோல் பிஞ்சு போறப்ப நெகட்டிவ் சார்ஜும் அதோட போயிடுது, பெரிய துளில பாசிட்டிவ் தங்கிடுது. பெருசு கீழ விழுந்துடும், சிறுசு காத்துல நிக்கும், அதனால அருவியச் சுத்தி காத்தே நெகட்டிவ் ஆயிடும்! 1892ல ஃபிலிப் லெனார்டுங்கற ஜெர்மன் விஞ்ஞானி இத அருவிகள்ல அளந்து எழுதினார் (பின்னாடி அவர் நாஜி பக்கம் போய் ஐன்ஸ்டீன எதிர்த்தது எனக்கு இன்னிக்கும் வருத்தம்). மேற்பரப்புல துல்லியமா என்ன நடக்குதுனு இப்பவும் விவாதம் ஓடுது.

ஆக சார்ஜ் உண்மை. ஆனா அதனாலதான் மனசு லேசாச்சுங்கறதுக்கு உறுதியான ஆதாரம் இல்ல, குளிர்ந்த காத்து, சத்தம், சுத்தி நிக்கற பெரிய பெரிய மரம் இதெல்லாம் போதாதா? அயான் பிரேஸ்லெட், அயான் பெட்ஷீட்னு காசு புடுங்கறாங்களே, எனக்கு அதுதான் மூடநம்பிக்கை. அருவியக் கும்பிடறவங்கள நான் அப்படி சொல்லவே மாட்டேன். ஏன்னா சாமி காடுன்னுதான் அருவிக்குப் பக்கத்துல இருக்கற பழைய காட்ட காலங்காலமா வெட்டாம விட்டிருக்காங்க. மினகாதா குமாகுசுங்கற ஜப்பான் இயற்கை ஆராய்ச்சியாளர் 1901லருந்து 1904 வரைக்கும் அந்த நாச்சி மலைல பாசியும் காளானும் தேடி அலைஞ்சவர், எந்த யுனிவர்சிட்டி பதவியும் கிடையாது, ஆராய்ச்சிக்கு நிதின்னா இப்படிப்பட்ட ஆளுக்குப் போகணும். 1906ல அரசாங்கம் சின்னச் சின்ன கோயில்கள ஒண்ணா சேர்க்கச் சொல்லி அந்த சாக்குல கோயில் காடுகள வெட்ட ஆரம்பிச்சப்ப எதிர்த்து சண்ட போட்டு 1910ல ஜெயிலுக்கே போனார். மழை நின்னப்புறமும் நாச்சில தண்ணி விழுந்துட்டே இருக்குன்னா, மேல இருக்கற காடும் மண்ணும் தண்ணியப் புடிச்சு வெச்சு கொஞ்சங்கொஞ்சமா விடறதாலதான்.